திட்டுத் திட்டாக உமிழும் கேத்தோடு

(மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டியலில் அச்சான எண்ணுக்கு நாம் மிகுந்த மரியாதை தருகிறோம். டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றல் 4.5 எலக்ட்ரான் வோல்ட் என்று இயற்பியல் புத்தகத்தில் கண்டால், அதை அப்படியே எடுத்துச் சமன்பாட்டில் போடுகிறோம். விடை வருகிறது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. அந்த ஒற்றை எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, அது எதை மறைக்கிறது என்று பார்ப்பதுதான் இன்று எனக்குள்ள வேலை. ஓர் உலோகப் பரப்பு முழுவதற்கும் ஒரே வெளியேற்று ஆற்றல் என்பது கணக்கின் வசதிக்காகச் சொல்வது. சூடாக்கினால் எலக்ட்ரான்களை உமிழும் மின்முனையான கேத்தோடில், உண்மையில், அப்படிப்பட்ட பரப்பு கிடையாது. அங்கே இருப்பவை திட்டுகள். ஒவ்வொரு திட்டும் தனக்கென ஓர் எண்ணை வைத்திருக்கிறது. அது மட்டுமல்லாமல், பக்கத்துத் திட்டு எவ்வளவு எலக்ட்ரான் விடலாம் என்பதையும் அதுவே ஓரளவு தீர்மானிக்கிறது. இந்த இரண்டாவது செய்தியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பாடப்புத்தகம் அதைத் தொடுவதே இல்லை.

சூடான கேத்தோடு என்றதும் அது பழைய வால்வு ரேடியோவோடு போய்விட்ட பொருள் என்று இளைஞர்கள் நினைக்கலாம். போகவில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் குழாய்க்குள் ஒரு டங்ஸ்டன் இழை வெண்மையாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் மேக்னட்ரானுக்குள் தோரியம் கலந்த டங்ஸ்டன் இழை இருக்கிறது. ரேடார்களிலும் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களிலும் நுண்ணலையைப் பெருக்கும் குழாய்கள் பலவற்றில் பேரியம் ஊட்டிய கேத்தோடுகள் ஆண்டுக்கணக்கில் அணையாமல் வேலை செய்கின்றன. 1977-ல் ஏவிய வாயேஜர் விண்கலங்கள் சூரியக் காற்று நிலவும் வெளியின் எல்லையைத் தாண்டிய பிறகும் செய்தி அனுப்ப முடிந்தது இத்தகைய குழாய்களால்தான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எரியும் விளக்கு இழைக்கும் அதன் அருகே வைத்த தகட்டுக்கும் இடையே வெற்றிடத்தில் மின்னோட்டம் ஓடுவதை எடிசன் கண்டு 1883-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிளெமிங் 1904-ல் அதைக் கொண்டு முதல் வால்வைச் செய்தார். இடையில் 1901-ல் கேம்பிரிட்ஜில் ஓவன் ரிச்சர்ட்சன், வெப்பநிலை ஏற ஏற இந்த மின்னோட்டம் எந்த விதிப்படி பெருகுகிறது என்று காட்டினார். 1928-ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது அதற்காகத்தான்.

அந்த விதியின் உள்ளடக்கத்தைச் சொற்களிலேயே சொல்லிவிடலாம். உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான் வெளியே வர ஒரு தடையைத் தாண்ட வேண்டும். அந்தத் தடையின் உயரம்தான் வெளியேற்று ஆற்றல். வெப்பம் எலக்ட்ரான்களுக்குக் கொடுக்கும் ஆற்றலோ மிகச் சிறியது. 1300 கெல்வினில், அதாவது உலோகம் செக்கச்செவேலென்று ஒளிரும் சூட்டில், அது 0.11 எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். பேரியம் ஊட்டிய கேத்தோடில்கூடத் தடை 2 எலக்ட்ரான் வோல்ட். சராசரி எலக்ட்ரானால் தாண்ட முடியாது. கோடிக்கணக்கானவற்றில் ஒன்றிரண்டுதான் தாண்டும். அதனால் தடை கொஞ்சம் குறைந்தாலும் தாண்டுகிறவற்றின் எண்ணிக்கை மடங்கு மடங்காகப் பெருகிவிடும். 1300 கெல்வினில் தடையை 0.1 எலக்ட்ரான் வோல்ட் குறைத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. 0.3 குறைத்தால் பதினான்கு மடங்குக்கும் மேல் போகிறது. இந்த அடுக்குக்குறிப் பெருக்கத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பரப்பின் சிறு ஏற்றத்தாழ்வு பெரிய விளைவைத் தருவது இதனால்தான்.

ஒரே உலோகத்தில் தடை ஏன் இடத்துக்கு இடம் மாற வேண்டும்? டங்ஸ்டன் கம்பி எண்ணற்ற நுண்படிகங்களால் ஆனது. ஒவ்வொரு நுண்படிகமும் வெவ்வேறு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதால், பரப்பில் ஒன்று தன் ஒரு முகத்தைக் காட்டும், இன்னொன்று வேறு முகத்தைக் காட்டும். படிகவியலாளர்கள் (110) என்று குறிக்கும் முகத்தில் அணுக்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். (111) போன்ற முகங்களில் இடைவெளி அதிகம். பரப்பின் விளிம்பில் எலக்ட்ரான்கள் அணுக்களைத் தாண்டிச் சற்றே வெளியே கசிந்து நிற்கின்றன. அதனால் வெளியே எதிர்மின்னும் உள்ளே நேர்மின்னுமாக ஒரு மெல்லிய இரட்டை அடுக்கு உண்டாகி, தடையை உயர்த்துகிறது. இடைவெளி மிகுந்த முகங்களிலோ எலக்ட்ரான்கள் அணுக்களுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் வழிந்து பரப்பைச் சமன் செய்கின்றன. அங்கே அந்த இரட்டை அடுக்கு பலவீனப்பட்டுத் தடை தாழ்கிறது. ரோமன் ஸ்மொலுகோவ்ஸ்கி 1941-ல் கொடுத்த விளக்கம் இது. பிற்கால அளவீடுகளின்படி டங்ஸ்டனின் (110) முகத்துக்கு ஏறத்தாழ 5.25 எலக்ட்ரான் வோல்ட், (111) முகத்துக்கு 4.47. பட்டியலில் உள்ள 4.5 பல முகங்கள் சேர்ந்து கொடுத்த விடை.

இதை முதன்முதலில் கண்ணுக்குக் காட்டிய சோதனை ஒன்றை விவரமாகச் சொல்ல விரும்புகிறேன். அவ்வளவு எளிமையானது, அவ்வளவு அழகானது. 1936-ல் ஜான்சன், ஷாக்லி என்ற இருவர் ஓர் உருளைக் கண்ணாடிக் குழாயை எடுத்து, உட்சுவரில் எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பூச்சைப் பூசினார்கள். குழாயின் நடு அச்சில் ஒரு மெல்லிய டங்ஸ்டன் இழையை விறைப்பாகக் கட்டினார்கள். முன்கூட்டியே நெடுநேரம் சூடேற்றி, நுண்படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட ஒற்றைப் படிகங்களாக வளரவிட்ட இழை அது. காற்றை அகற்றி, இழையைச் சூடாக்கி, சுவருக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தார்கள். எலக்ட்ரான்கள் இழையிலிருந்து நேராக வெளிநோக்கிப் பறந்து சுவரைத் தாக்கின. இழையின் எந்தப் பக்கம் எவ்வளவு உமிழ்கிறது என்பது சுவரில் பெரிதாகத் தெரிய வேண்டும். தெரிந்தது! சுவர் முழுக்க ஒரே ஒளியாக இல்லை. குழாயின் நீளவாட்டில் பிரகாசமான பட்டைகளும் இருண்ட பட்டைகளும் மாறி மாறி நின்றன. அணு நெருக்கமாக அடுக்கிய முகங்கள் நோக்கிய பக்கம் இருட்டு, மற்ற பக்கங்களில் வெளிச்சம். மேலே சொன்ன இரண்டு மதிப்புகளை வைத்துக் கணக்கிட்டால், 2400 கெல்வினில் வெளிச்சப் பக்கம் இருட்டுப் பக்கத்தைப்போல 40 மடங்குக்கும் மேல் உமிழ வேண்டும். ஒரே கம்பி, ஒரே சூடு. முகம்தான் வேறு. இந்த ஷாக்லி பிற்காலத்தில் டிரான்சிஸ்டருக்காக நோபல் பரிசு பெற்ற அதே வில்லியம் ஷாக்லிதான். நான்கு ஆண்டுகள் கழித்து நிக்கல்ஸ் இதே வகைக் கருவியில் சுவரில் ஒரு சிறு துளையிட்டு, ஒவ்வொரு திசையிலும் வரும் மின்னோட்டத்தைத் தனித்தனியாக அளந்து எண்களைத் தந்தார்.

இதுவரை சொன்னதை வைத்து, கணக்கு எளிது என்று தோன்றும். ஒவ்வொரு திட்டின் பரப்பளவையும் தடையையும் அளந்து, ஒவ்வொன்றுக்கும் ரிச்சர்ட்சன் விதிப்படி மின்னோட்டம் கண்டு, கூட்டிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். அது முடிவதில்லை. ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தாளும் பேனாவும் இருப்பவர்கள் கூடவே போட்டுப் பாருங்கள்.

ஒரு கேத்தோடின் பரப்பு சதுரங்கப் பலகைபோல இரண்டு வகைக் கட்டங்களால் ஆனது என்று வைத்துக்கொள்வோம். பாதிக் கட்டங்களுக்குத் தடை 1.9 எலக்ட்ரான் வோல்ட், மறுபாதிக்கு 2.2. வெப்பநிலை 1300 கெல்வின். ரிச்சர்ட்சன் சமன்பாட்டின் மாறிலியாகக் கோட்பாடு சொல்லும் 120-ஐயே எடுத்துக்கொள்வோம். தாழ்ந்த கட்டம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8.7 ஆம்பியர் தரும். உயர்ந்த கட்டம் 0.6 ஆம்பியர்தான் தரும். இரண்டும் பாதிப் பாதி என்பதால் மொத்தம் 4.7 ஆம்பியர் அளவுக்கு வருகிறது. அதில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்று நான்கு பங்கு தாழ்ந்த கட்டங்களின் உழைப்பு. சரி, சராசரித் தடையான 2.05-ஐ வைத்துக் கணக்கிட்டால்? 2.3 ஆம்பியர்தான் வருகிறது. அதாவது சராசரி எண்ணை நம்பினால் பாதி மின்னோட்டம் காணாமல் போகிறது. இதுவரை புரிந்துவிடும். ஆனால் கேத்தோடின் முன்னால் இழுக்கும் மின்புலம் மிகப் பலவீனமாக இருந்தால் உண்மையில் வருவது 4.7-உம் அல்ல, 2.3-உம் அல்ல. 1.4 ஆம்பியர்தான்.

எங்கே போயிற்று மீதி? கட்டங்கள் எல்லாம் ஒரே உலோகத்தின் மேல் இருப்பவை. உள்ளே எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டம் எங்கும் ஒன்றுதான். உள்மட்டம் ஒன்றாகவும் தடைகள் வேறாகவும் இருந்தால், தடையைத் தாண்டியவுடன் பரப்புக்கு வெளியே நிற்கும் மட்டம் கட்டத்துக்குக் கட்டம் வேறாகத்தான் இருக்க முடியும். இரண்டு அண்டைக் கட்டங்களுக்கு மேலே வெற்றிடத்தில் 0.3 வோல்ட் வேறுபாடு நிலவுகிறது. தொட்டுக்கொண்டிருக்கும் இரு உலோகங்களுக்கு இடையே இத்தகைய மின்னழுத்த வேறுபாடு இருப்பதைக் கெல்வின் பிரபு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அளந்து காட்டியிருக்கிறார். கட்டத்தின் அகலம் 5 மைக்ரான், அதாவது 1 மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்கு என்றால், அங்கே நிலவும் மின்புலம் சென்டிமீட்டருக்கு 600 வோல்ட் அளவில் இருக்கும். வெளியிலிருந்து யாரும் மின்னழுத்தம் கொடுக்காமலே பரப்பு தன்மேல் தானே எழுப்பிக்கொள்ளும் புலம் இது. பரப்பிலிருந்து கட்டத்தின் அகலமளவு தூரம் விலகினால் இந்தப் புலம் அடங்கிவிடும். அதற்கு அப்பால் மட்டம் எல்லாக் கட்டங்களின் சராசரியாக, நம் எடுத்துக்காட்டில் 2.05 ஆக, சமமாகிவிடும்.

நம் ஊர்த் தெருக்களில் தார்ச்சாலையை மேலே மேலே போட்டுக்கொண்டே போவார்கள். பழைய வீடுகளின் வாசல்படி தெருவைவிடத் தாழ்ந்துபோகும். அந்த வீட்டுக்காரர் படியை எளிதாகத் தாண்டிவிடுவார். ஆனால் தெருவில் நடக்க அதற்குப் பிறகும் ஏற வேண்டும். தாழ்ந்த கட்டத்திலிருந்து வரும் எலக்ட்ரானின் நிலை அதுதான். 1.9-ஐத் தாண்டிய பிறகும் இன்னும் 0.15 ஏறினால்தான் தப்பிக்க முடியும். ஏற முடியாதவை திரும்பிப் பரப்புக்கே விழுந்துவிடுகின்றன. உயர்ந்த கட்டத்து எலக்ட்ரானுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 2.2-ஐத் தாண்டிவிட்டால் இறக்கம்தான். ஆக, தாழ்ந்த கட்டத்துக்குக் கிடைப்பது சராசரித் தடை, உயர்ந்த கட்டத்துக்குக் கிடைப்பது தன் சொந்தத் தடை. அதனால்தான் மொத்தம் 1.4 ஆம்பியராகச் சரிகிறது. வலுவான மின்புலத்தால் வெளியே இழுத்தால், தாழ்ந்த கட்டத்தின் முன்னால் இருக்கும் அந்த மேடு கரைந்துபோகும். அப்போது 4.7 கிடைக்கும்.

இந்தப் படத்தை முழுமையாக வரைந்து முறைப்படுத்தியவர்கள் கோனியர்ஸ் ஹெர்ரிங், நிக்கல்ஸ் ஆகிய இருவர். 1949-ல் அவர்கள் எழுதிய நீண்ட ஆய்வுக் கட்டுரை இன்றும் இத்துறையினர் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது. நுட்பமான ஒரு கணக்குப் புதிர் அவர்கள் காலத்தில் பலரை அலைக்கழித்துக்கொண்டிருந்தது. ரிச்சர்ட்சன் சமன்பாட்டின் மாறிலி எல்லா உலோகங்களுக்கும் சதுர சென்டிமீட்டருக்கு 120 ஆம்பியர், வெப்பநிலையின் இருமடிக்கு, என்பது கோட்பாடு. அளந்தால் டங்ஸ்டனுக்கு 60 வருகிறது. தோரியம் பூசிய டங்ஸ்டனுக்கு 3 வருகிறது. பேரியம் ஆக்சைடு கேத்தோடுகளுக்கு அதைவிடவும் பல மடங்கு குறைந்துபோகிறது. தடை வெப்பநிலையோடு சற்று மாறுவது ஒரு காரணம். பரப்பு வந்த எலக்ட்ரான்களில் சிலவற்றைத் திருப்பி எதிரொளிப்பது இன்னொன்று. மூன்றாவது காரணம் நம் திட்டுகள். பரப்பில் பத்தில் ஒரு பங்கு மட்டும் உமிழ்ந்தால், முழுப் பரப்பாலும் வகுக்கும்போது மாறிலி பத்தில் ஒன்றாகத் தெரியும். அதோடு, வெப்பநிலை ஏறும்போது உயர்ந்த திட்டுகளும் மெல்ல மெல்ல உமிழத் தொடங்குவதால், மின்னோட்டத்தையும் வெப்பநிலையையும் இணைத்து வரையும் நேர்கோட்டு வரைபடத்தின் சாய்வும் மாறிவிடும். சாய்விலிருந்து எடுக்கும் வெளியேற்று ஆற்றலும் வெட்டுத்துண்டிலிருந்து எடுக்கும் மாறிலியும் சேர்ந்து பிழையாகும். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று மூடி மறைப்பதால், பொருத்திய கோடு மட்டும் மிக அழகாக நேராக இருக்கும். அந்த நேர்கோட்டைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது என்று மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வேன்.

இந்த இடத்தில் நம் மண்ணைச் சேர்ந்த ஒருவரை நினைவுகூர்வது என் கடமை. வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்து, கல்கத்தாவில் சி.வி. ராமனோடு, ராமன் விளைவு எனப்படும் 1928-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பில் உடனுழைத்த கே.எஸ். கிருஷ்ணன் அவர்களை நாம் அந்த ஒரு நிகழ்ச்சியோடு நிறுத்திவிடுகிறோம். தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு முதல் இயக்குநராக 1947-ல் பொறுப்பேற்ற அவர், அங்கே எஸ்.சி. ஜெயினுடன் சேர்ந்து வெப்ப எலக்ட்ரான் உமிழ்வைத் தம் சொந்த வழியில் ஆராய்ந்தார். பரப்பிலிருந்து எத்தனை எலக்ட்ரான் கிளம்புகிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, மூடிய சூடான அறைக்குள் எலக்ட்ரான்கள் ஆவியைப்போல நிறைந்து சுவரோடு சமநிலையில் இருக்கும், அந்த ஆவியின் அழுத்தம் என்ன என்று கேட்டார்கள். அறையின் சுவரில் ஒரு சிறு துளை. அதன் வழியே பீறிடும் எலக்ட்ரான் ஓட்டத்தை அளந்தால் உள்ளே உள்ள அழுத்தம் தெரிந்துவிடும். சமநிலையில் சுவர் எத்தனை எலக்ட்ரானைத் திருப்பி அனுப்புகிறதோ அத்தனையும் கணக்கில் தானாகச் சரியாகிவிடுவதால், எதிரொளிப்பு என்ற குழப்பம் ஒழிகிறது. கிராஃபைட்டைக் கொண்டு 1952-ல் தொடங்கி, பிறகு பல உலோகங்களுக்கும் இம்முறையில் அளந்து ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டார்கள். திட்டுகளின் விளைவு இந்த அறைக்குள்ளும் முற்றாக மறைந்துவிடாது. ஆனால் சுவர் முழுவதும் ஒன்றாகப் பேச வேண்டியிருப்பதால், ஒரு சில பிரகாசமான புள்ளிகள் மட்டும் அளவீட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ள முடியாது. கேள்வியையே மாற்றிக் கேட்ட அந்த அறிவுத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இனி இன்றைய கேத்தோடுக்கு வருவோம். செயற்கைக்கோள் குழாய்களில் இருப்பது வெறும் டங்ஸ்டன் இழை அல்ல. டங்ஸ்டன் பொடியை அழுத்திச் சுட்டு, துளைகள் விட்ட ஒரு வில்லையாக்குவார்கள். பருமனில் ஐந்தில் ஒரு பங்கு துளை. அந்தத் துளைகளில் பேரியம், கால்சியம், அலுமினிய ஆக்சைடுகளை உருக்கி ஊட்டுவார்கள். ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ளே பேரியம் விடுபட்டு, துளை வழியே ஏறி, வில்லையின் முகத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரே ஓர் அணு தடிமனுக்குப் படர்கிறது. அந்தப் படலம் தடையை 4.5-லிருந்து 2-க்கு இறக்குகிறது. படலம் ஆவியாகிக் குறையக் குறைய உள்ளிருந்து நிரப்பிக்கொண்டே இருக்கும். பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1966-ல் சால்ம், வான் ஸ்ட்ராட்டம் என்ற இருவர் இந்த முகத்தின் மேல் ஆஸ்மியம் போன்ற உலோகத்தை மெல்லியதாகப் பூசினால் தடை மேலும் 0.2 அளவு இறங்குவதைக் கண்டார்கள். இன்றும் தரமான நுண்ணலைக் குழாய்களில் இவ்வகையே அதிகம். ஆனால் இங்கும் அடியில் இருப்பவை சில மைக்ரான் அகல நுண்படிகங்கள்தான். ஒவ்வொரு முகத்தின் மேலும் பேரியமும் ஆக்சிஜனும் வெவ்வேறு அடுக்கில் ஒட்டுகின்றன. துளையின் விளிம்பில் பேரியம் அதிகம், துளைக்குத் தொலைவில் குறைவு. சதுரங்கப் பலகை என்று நான் சொன்னது கற்பனை எளிமை. உண்மை அதைவிடக் கரடுமுரடானது.

குழாய் வேலை செய்யும் நிலை எது என்பதில்தான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. கேத்தோடு எவ்வளவு உமிழ்ந்தாலும், உமிழ்ந்த எலக்ட்ரான்களே முன்னால் மேகமாகத் திரண்டு பின்னால் வருகிறவற்றைத் தள்ளும். 1911-ல் சைல்டும், 1913-ல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் லாங்மியூரும் இதன் எல்லையைக் கணக்கிட்டார்கள். அந்த எல்லை மின்னழுத்தத்தையும் மின்முனைகளின் இடைவெளியையும் மட்டுமே பொறுத்தது. கேத்தோடின் சூட்டைப் பொறுத்ததல்ல. அதனால் பொறியாளர்கள் வேண்டுமென்றே குழாயை இந்த எல்லையில் வைத்து ஓட்டுகிறார்கள். சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மின்னோட்டம் அசையாது. ஆனால் இந்த நிலையில் கேத்தோடின் முகத்தில் இழுக்கும் புலம் ஏறத்தாழப் பூச்சியம். திட்டுகளின் புலம் அழிவதற்கு வலுவான இழுப்பு வேண்டும் என்று சற்று முன்தான் சொன்னேன். குழாய் வேலை செய்கிற நிலையிலோ அந்த இழுப்பே இல்லை. திட்டுகளின் ஆட்சி முழுமையாக நடக்கும் இடம் அதுதான். சதுர சென்டிமீட்டருக்குச் சில ஆம்பியர் ஓடும் கேத்தோடில் எலக்ட்ரான் மேகமும் பரப்பிலிருந்து சில மைக்ரான் தூரத்திலேயே திரள்கிறது. திட்டின் அகலமும் அதே சில மைக்ரான். இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுப் பிறகு ஒட்டவைக்க முடியாது.

கேத்தோடைச் சோதிக்கும் பொறியாளர் சூட்டைச் சிறிது சிறிதாக ஏற்றி மின்னோட்டத்தை அளப்பார். முதலில் விறுவிறுவென்று ஏறும். பிறகு எல்லையைத் தொட்டுத் தட்டையாகிவிடும். ஏற்றம் தட்டையாக மாறும் அந்த இடத்தை முழங்கால் என்பார்கள். பரப்பு ஒரே சீராக இருந்தால் முழங்கால் கூர்மையாக வளைய வேண்டும். எந்த உண்மையான கேத்தோடிலும் அது உருண்டுதான் வருகிறது. கேத்தோடு வயதாக ஆக மேலும் உருண்டுகொண்டே போகும். குழாய் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அந்த உருட்சியைப் பார்த்துச் சொல்கிற அனுபவசாலிகள் உண்டு. ஆனால் அது ஏன் உருள்கிறது? லாங்கோ என்பவர் 1980 வாக்கில் கொடுத்த ஓர் எளிய வாய்பாடு அந்த வளைவை நன்றாகவே வரைந்தது. ஆனால் அதில் இயற்பியல் காரணம் இல்லை. வாய்பாடு வேலை செய்ததால் பல்லாண்டுகள் அதோடு நின்றுவிட்டார்கள். விளக்கம் கொடுக்காத வாய்பாட்டோடு அவ்வளவு காலம் திருப்திப்பட்டிருக்கக் கூடாது என்பதே என் கருத்து. புதிய கேத்தோடை வடிவமைக்கிறவருக்கு எந்தத் திசையில் போவது என்று அது சொல்லாது.

விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் டோங்ஜெங் சென், ரயன் ஜேக்கப்ஸ், டேன் மார்கன், ஜான் பூஸ்கி ஆகியோர் அண்மை ஆண்டுகளில் செய்த வேலை அந்தக் குறையைத் தீர்த்தது. பேரியம் ஊட்டிய டங்ஸ்டன் கேத்தோடு ஒன்றின் முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு நுண்படிகமும் எந்த முகத்தைக் காட்டுகிறது என்று வரைபடம் எடுத்தார்கள். குவாண்டம் கணக்கீட்டால் ஒவ்வொரு முகத்துக்கும் உரிய தடையை அந்த வரைபடத்தில் நிரப்பினார்கள். அந்த வரைபடத்தின் மேல் திட்டுப் புலம், எலக்ட்ரான் மேகம், வெளிப்புற இழுப்பு மூன்றையும் ஒருசேரக் கணக்கிட்டார்கள். முழங்காலின் உருட்சி தானாக வந்தது, சோதனையில் அளந்த வளைவோடு ஒத்தும் போனது. அவர்களின் கட்டுரை 2022-ல் வெளியானது. உருட்சிக்குக் காரணம் பரப்பின் பன்மைதான் என்று இப்படி உறுதியாயிற்று.

இதே காலத்தில் செர்னின், லாவ் முதலியோர் செய்த கணக்கு இன்னொரு வியப்பைத் தந்தது. கேத்தோடின் முகத்தில் ஒரு கணிசமான பகுதி உமிழாமலே கிடந்தாலும், திட்டுகள் சிறியவையாக இருந்தால், மொத்த மின்னோட்டம் அந்த மேக எல்லையை ஏறத்தாழ முழுமையாக எட்டிவிடுகிறது. உமிழாத திட்டின் முன்னால் மேகம் மெலிந்திருப்பதால், பக்கத்துத் திட்டு தன் பங்குக்கு மேல் அனுப்பி ஈடுகட்டுகிறது. அதனால் மீட்டரில் தெரியும் மின்னோட்டத்தை மட்டும் பார்த்துக் கேத்தோடு முழுதாக வேலை செய்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. முகத்தின் கணிசமான பகுதி செத்துப்போயிருக்கலாம். உயிரோடு இருக்கும் திட்டுகள் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். எலக்ட்ரான் கற்றையும் சீராக இராது. உயிருள்ள அந்தத் திட்டுகளிலிருந்து நூல் நூலாகப் பாயும் ஓட்டத்தைக் குவிப்பது கடினம். அதோடு இரைச்சலும் சேரும். வேறொரு ஜான்சன் 1925-ல் வால்வுகளில் கண்ட ஒரு மெதுவான நடுக்கத்துக்கு, பரப்பில் தனித்தனி அணுக்கள் வந்து ஒட்டியும் பிரிந்தும் போவதால் அந்தந்த இடத்து உமிழ்வு மாறுகிறது என்று ஷாட்கி மறு ஆண்டே விளக்கம் தந்தார்.

இதையெல்லாம் அறிந்தபின் கேத்தோடு செய்கிறவர் எதைக் குறிவைக்க வேண்டும்? இதுவரை முயற்சி முழுக்கத் தடையின் சராசரியைக் குறைப்பதில்தான் இருந்தது. நம் சதுரங்கக் கணக்குக்கே ஒருமுறை திரும்புங்கள். பலவீனமான புலத்தில் 1.9-உம் 2.2-உம் கலந்த பரப்பு 1.4 ஆம்பியர் தந்தது. சராசரியைத் தொடாமல், எல்லாக் கட்டங்களையும் 2.05 ஆகச் சமன் செய்துவிட்டால் மட்டும் அதே சூட்டில் 2.3 கிடைக்கும். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு கூடுதல், சராசரியில் ஒரு துளியும் குறைக்காமல்! எலக்ட்ரான் நுண்ணோக்கிகளில் லாந்தனம் ஹெக்சாபோரைடின் ஒற்றைப் படிகத்தை, அதன் ஒரே முகம் தெரியும்படி தீட்டிப் பயன்படுத்துவது இந்தச் சீர்மைக்காகவும்தான். ஸ்கேண்டியம் ஆக்சைடு சேர்த்த கேத்தோடுகள் தடையை 1.5 வரைகூட இறக்குவதாக ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகளாகக் காட்டிவந்தும், குழாய் செய்யும் தொழில் அவற்றைத் தயங்கித் தயங்கியே ஏற்கிறது. அவற்றின் முழங்கால் மிகவும் உருண்டிருக்கிறது. ஒரு வில்லையைப்போல இன்னொன்று உமிழ்வதில்லை. சிறந்த திட்டுகள் மிகச் சிறந்தவை, மற்றவை சாதாரணம்.

ஒரு வேலை இன்னும் மீதமிருக்கிறது. மேடிசன் குழுவினரின் வரைபடம் குளிர்ந்த கேத்தோடின் வரைபடம். டங்ஸ்டன் முகங்கள் சூட்டிலும் பெரிதாக இடம் மாறாததால் அங்கே அது போதுமானதாக இருந்தது. ஆனால் பேரியம் ஏறிப் படர்ந்து, ஆவியாகி, மறுபடி நிரம்பிக்கொண்டே இருக்கும் 1000 டிகிரிப் பரப்பில் வரைபடமே நேரத்துக்கு நேரம் மாறும். சூடான கேத்தோடிலிருந்து வரும் எலக்ட்ரான்களைக் கொண்டே அதன் முகத்தைப் படமெடுக்கும் நுண்ணோக்கிகள் இப்போது இருக்கின்றன. அந்தப் படங்களை மணிக்கணக்கில் தொடர்ந்து எடுத்து, மாறும் வரைபடத்தை நான் சொன்ன கணக்குக்குள் கொண்டுவர வேண்டும். மாணவர்கள் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சதுரங்கப் பலகைக் கணக்கைக் கட்டத்தின் அளவையும் தடையையும் மாற்றி மாற்றி ஒரு சாதாரண மடிக்கணினியிலேயே போட்டுப் பார்க்கலாம். இன்றிரவே தொடங்கலாம்.